பின்சீட்டில் பெய்த மழை

முத்துலிங்காபுரத்துக்காரர்கள் பழைய கார் வாங்கப் போனால் இன்றைக்கும் ஒரு காரியம் செய்வார்கள். எஞ்சினைப் பார்த்து, டயரைப் பார்த்து, பேப்பரைப் பார்த்து, எல்லாம் முடிந்து விலை பேச உட்காரும் முன்னால், கூட வந்தவர்களில் இரண்டு பேர் பின்கதவைத் திறந்து பின்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கதவுகளைச் சாத்திக்கொண்டு, ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் பேசாமல் இருப்பார்கள். விற்கிறவன் என்னவென்று கேட்டால், சும்மாதான் என்பார்கள். பிறகு ஒருவர் தோளை ஒருவர் தொட்டுப் பார்த்து, சட்டை காய்ந்திருந்தால் இறங்கி வந்து விலை பேசுவார்கள். காய்ந்திருப்பதில் சிலருக்கு நிம்மதி, சிலருக்கு ஏமாற்றம்.

அது குருவையாவின் காரால் வந்த பழக்கம்.

குருவையா எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் முதல் ஆள் அவர் கடைக்குத்தான் ஓடும். அவருக்கும் ஆவுடைத்தங்கத்துக்கும் கல்யாணம் நடந்தது வீட்டுக்குத் தெரியாமல். இரண்டு பேரும் வெங்காய லாரியில் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்து ஊரைவிட்டுப் போய்த் தாலி கட்டித் திரும்பி வந்தவர்கள். ஆவுடைத்தங்கம் அதைச் சொல்லிச் சிரிப்பாள். குருவையா சிரிக்க மாட்டார். முகூர்த்தச் சேலையில் வெங்காயச் சருகு ஒட்டியிருக்க அவள் லாரியிலிருந்து குதித்து இறங்கியது அவர் மனதில் முள்ளாகக் கிடந்தது. அதனால்தான், கையில் கொஞ்சம் சேர்ந்ததும், எங்கள் ஊர்ப் பெண்கள் கல்யாணத்தன்று வந்து இறங்குவதற்கென்று ஒரு பெரிய கார், சினிமாவில் வருவது போல நீளமான, வெள்ளையான, கதவைச் சாத்தினால் சத்தமே கேட்காத ஒரு கார் வாங்கிவிட வேண்டும் என்று கிளம்பினார். புதிது வாங்க ஏழு தலைமுறைக்கும் முடியாது. பழையது வாங்கலாம்.

கூடப் போனவன் ஆவுடைத்தங்கத்தின் தம்பி ஐயாத்துரை. பழைய சொகுசுக் கார் வாங்குகிறவன் எங்கெல்லாம் ஏமாறுவான் என்பதை அவன் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்திருந்தான். சென்னையில் ஒரு பெரிய ரோட்டோரம் இப்படிப்பட்ட கார்களை வரிசையாக நிறுத்தி விற்கும் இடத்துக்குக் காலையிலேயே போய், எஞ்சின் சூடேறும் முன் ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் புகையின் நிறம் பார்த்தான்; ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் மோர்போல வெளுத்திருக்கிறதா என்று பார்த்தான்; வெயிலில் சாய்ந்து நின்று ஒவ்வொரு கதவின் பெயிண்டும் ஒரே மாதிரி மின்னுகிறதா என்று பார்த்தான்; டிக்கியின் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் விரலை விட்டுத் துழாவி, நக இடுக்கில் வண்டல் ஏறியிருக்கிறதா என்று பார்த்தான்; சீட்டுக்கு அடியில் தலையை நுழைத்து போல்ட்டுகளில் துரு தேடினான்; ஹெட்லைட் கண்ணாடிக்குள் ஈரம் பூத்திருக்கிறதா என்று தேடினான்; உள்ளே செண்ட் அடித்து எதையாவது மறைத்திருக்கிறார்களா என்று கண்ணை மூடி மோந்து பார்த்தான். முன்சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, "வெள்ளத்துல நின்ன வண்டின்னா இந்தக் கடைசி முழத்துல சேத்துக் கோடு இருக்கும் அத்தான், எத்தனை கழுவினாலும் போகாது" என்று சொல்லி, கோடு இல்லாததைக் காட்டினான்.

பின்சீட்டின் பெல்ட்டுகள் புத்தம் புதிதாக, மடிப்புக் கலையாமல் இருந்தன.

"பின்னால ஆளே உக்காந்ததில்ல போலிருக்கு" என்றான் ஐயாத்துரை.

அதைக் கேட்டு குருவையாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்து பைபாஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். பால் தம்ளரை மடியில் வைத்துக்கொண்டு போகலாம் போல இருந்தது. வாங்கிவிட்டார்கள்.

முதல் சவாரி வடக்குத் தெரு ரெங்கநாயகி மகள் கல்யாணம். கோயிலில் மாலை மாற்றி, மாப்பிள்ளையையும் பெண்ணையும் பின்சீட்டில் ஏற்றி, குருவையா தானே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு ஓட்டினார். பாதி வழியில் கண்ணாடியில் பார்த்தபோது பெண்ணின் கன்னம் ஈரமாக இருந்தது. அம்மா வீட்டை விட்டுப் போகிறதே பிள்ளை, அழுகிறது என்று நினைத்துக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். அடுத்த தடவை பார்த்தபோது மாப்பிள்ளையின் கன்னமும் ஈரமாக இருந்தது. பின்னால் மழை பெய்துகொண்டிருந்தது. கூரைத்துணி ஒழுகவில்லை, கூரைக்கும் தலைக்கும் நடுவில் இருக்கும் வெறும் இடத்திலிருந்து, முதலில் தூறலாக, பிறகு நிதானமான பெரிய சொட்டுகளாக, நிற்கும் எண்ணமில்லாத மழையாக அது பெய்தது. முன்சீட்டில் குருவையாவின் சட்டையில் ஒரு துளி விழவில்லை. மண்டபத்து வாசலில் கதவைத் திறந்ததும் தண்ணீர் படியிறங்குவது போல இறங்கி ஓடி, வரவேற்புக் கோலத்தைக் கரைத்தது.

ஊரில் அதோடு மழை பொய்த்து மூன்றாவது வருஷம். கிணறுகளின் அடியில் ஆமை ஓடு கிடந்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அது நகர்வதற்குள் பிள்ளை பெற்றுத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள் என்று கேலி பேசுவார்கள். அதனால் நனைந்த மணமக்களைப் பார்த்து யாரும் அலறவில்லை. போட்டோக்காரர் முகத்தில் பூசியது கரைந்துவிட்டதே என்று கோபப்பட்டார். மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலை சுருங்குமா என்று கேட்டாள். ரெங்கநாயகி மட்டும் குனிந்து, தரையில் ஓடும் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு இல்ல" என்றாள்.

மறுநாள் ஐயாத்துரை காரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினான். ஏ.சி. தண்ணீர் போகும் குழாயை ஊதினான், கதவு ரப்பரைப் பிரித்தான், தனியாகப் பின்சீட்டில் உட்கார்ந்து காத்திருந்தான். ஒன்றுமில்லை. "என்னடா ஆச்சு" என்று குருவையா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் பெய்தது. அவர் இறங்கியதும் நின்றது. அப்படித்தான் தெரிந்தது, இரண்டு பேர் வேண்டும் என்று. யாராக இருந்தாலும் சரி, பின்சீட்டில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினால் மழை பெய்யும். ஒருவர் இறங்கிவிட்டால் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் சீட்டெல்லாம் தானாகக் காய்ந்து, நனைந்த சுவடே இல்லாமல் ஆகிவிடும்.

ஐயாத்துரை காரின் தரையில் இருந்த ரப்பர் மூடிகளைப் பிடுங்கிவிட்டு அங்கே குழாய் பொருத்தினான். குருவையா காரைக் கடை வாசலில் செங்கல் அடுக்கி உயரத்தில் ஏற்றி நிறுத்தினார். கல்யாணச் சோறு வடிக்கும் அண்டாக்களும் சாம்பார் கொதிக்கும் தேக்சாக்களும் வெள்ளை வேட்டி கட்டிய வாயோடு அதன் கீழே வரிசையில் நின்றன. கல்யாணத்துக்கு அந்தக் கார் அதற்குப் பிறகு ஓடவே இல்லை. "கூலி எதுவும் வேண்டாம், ஜோடியா வாங்க, அது போதும்" என்றார் குருவையா.

ஊர் ஜோடி சேர்ந்தது. புருஷன் பெண்சாதிகள் வந்தார்கள்; மாமியாரும் மருமகளும் வந்தார்கள்; சீட்டுக் கட்டும் கையுமாக அலையும் சிநேகிதர்கள் வந்தார்கள். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், வேறு துணை கிடைக்காத ஒரு நாள், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள், அவர்களுக்கும் பெய்தது. பிறகு தினமும் அப்படியே வந்தார்கள். கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அண்ணனுக்கு ஜலதோஷம் பிடித்த அன்று தம்பி தன் துண்டை எடுத்து அண்ணன் தலையில் போட்டதை ஆவுடைத்தங்கம் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் வரிசையில் மிச்சமிருந்தது வடக்குத் தெரு ரெங்கநாயகியும் காலனியிலிருந்து வந்த மாரிக்கனியும் மட்டும். வெயில் கொளுத்தியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வெகுநேரம் நின்றார்கள். பிறகு ரெங்கநாயகி ஏறி ஓரமாக உட்கார்ந்தாள். மாரிக்கனி அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய் ஏறி அந்த ஓரமாக உட்கார்ந்தாள். மழை எல்லோருக்கும் பெய்கிற மாதிரியே பெய்தது. ஒரே அண்டாவிலிருந்து இரண்டு பேரும் மொண்டுகொண்டு போனார்கள். அதன் பிறகு யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று எங்கள் ஊரில் யாரும் பார்க்கவில்லை, பஞ்சம் இருந்தவரைக்கும். பஞ்சம் தீர்ந்த பின் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி பார்க்க ஆரம்பித்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மழைக்குள் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இன்னொன்றும் பழகியது. அங்கே அழுதால் தெரியாது. அதனால் வெளியே சொல்ல முடியாததை உள்ளே சொன்னார்கள். கதவைத் திறந்து இறங்கும்போது கண் சிவந்திருந்தால், மழைத் தண்ணீர் என்று விட்டுவிடுவார்கள்.

அப்படி இருக்கையில், சித்திரை வெயிலில் ஒரு நாள், பஸ்ஸை விட்டுக் கையில் சின்னப் பையோடு ஒருவர் இறங்கினார். அறுபதை ஒட்டிய வயது. சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டிருந்தார். டீக்கடையில், மழை பெய்கிற கார் எங்கே என்று கேட்டார். வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அப்போது சகஜம் என்பதால் கையைக் காட்டிவிட்டார்கள். அவர் வந்து காரின் எதிரே நின்று நம்பர் பலகையைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் குடங்களுக்கு நடுவே வரிசையில் நின்றுகொண்டார்.

அவர் முறை வந்தபோது ஐயாத்துரை கேட்டான். "சார், ஜோடி யாரு?"

"யாரும் இல்லை."

"ஒத்தையில பெய்யாதே சார்."

"தெரியும். வீடியோவுல பார்த்தேன்" என்றார். திரும்பிப் போகவும் இல்லை, ஏறவும் இல்லை.

அண்டாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டிருந்த ஆவுடைத்தங்கம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "ஏறுங்க, நான் உக்காருதேன்" என்றாள்.

கதவைச் சாத்தினார்கள். தூறல் தொடங்கியது. அவர் பார்க்காமலே கையைப் பின்னால் கொண்டுபோய், சீட்டின் நடுவில் மடங்கிக் கிடக்கும் கைத்தாங்கியை இழுத்து இறக்கினார். அப்படி ஒன்று அங்கே இருப்பது அத்தனை நாளும் உட்கார்ந்த ஆவுடைத்தங்கத்துக்கே தெரியாது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த வண்டி என்னோடதா இருந்ததும்மா" என்றார். "என் பேரு தணிகாசலம். நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துல என் சம்சாரம் உட்காருவா, கற்பகம். இந்தப் பக்கம் மகள், மஞ்சரி."

மழை வலுத்தது. அவர் குரலை உயர்த்தாமலே பேசினார். சென்னையில் வெள்ளம் வந்த ஒரு சாயங்காலம், கடைக்குப் போன தாயும் மகளும் திரும்பி வரும் வழியில் ரயில் பாலத்துக்குக் கீழே சுரங்கப்பாதையில் வண்டி நின்றுவிட்டது. டிரைவர் முன்ஜன்னல் வழியாக வெளியேறி, தண்ணீர் அழுத்தத்தில் பின்கதவு திறக்காததால் கயிறு கொண்டுவர ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் பாதை நிரம்பிவிட்டது. தணிகாசலம் கரண்ட் இல்லாத வீட்டில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு, அவர்கள் வந்ததும் சாப்பிடலாம் என்று காத்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கும்போது ரெண்டு பேரும் கையைப் பிடிச்சிட்டிருந்தாங்களாம். விடுவிக்க முடியலைன்னு சொன்னாங்க."

ஆவுடைத்தங்கம் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஊரே தண்ணிக்குள்ள கிடந்தது. சொந்தக்காரங்க யாராலும் வர முடியலை. மாலை வாங்க ஒரு பூக்கடை இல்லை. நானும் டிரைவருமா சுடுகாட்டுக்குக் கொண்டுபோய், வரிசையில நின்னு முடிச்சோம். அழ ஆளில்லைம்மா. நான் அழலாம்னு பார்த்தேன், பின்னாடி இருந்தவங்க சீக்கிரம் நகருங்கன்னாங்க." கைத்தாங்கியைத் தடவியபடி சொன்னார்: "வண்டியைப் பார்க்கவே முடியலை. வந்த விலைக்குக் கொடுத்துட்டேன். வாங்கினவன் கழுவித் துடைச்சு, பெல்ட்டெல்லாம் மாத்தி வித்திருப்பான். மழை பெய்யும்னு தெரிஞ்சிருந்தா கொடுத்திருக்க மாட்டேன்."

இறங்கியபோது ஐயாத்துரை குடத்தை நீட்டினான். ஆவுடைத்தங்கம் அதில் தண்ணீர் பிடிக்கவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் எல்லாத் தெருவுக்கும் விஷயம் தெரிந்தது. மறுநாள் ஒருவரும் வரவில்லை. அண்டாக்கள் வெயிலில் காய்ந்தன. வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கொட்டவும் மனசில்லாமல் குடிக்கவும் மனசில்லாமல் அதை மூடி வைத்துவிட்டுப் பெண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் தாகம் என்று அழுதன.

குருவையா, கடைக்குப் பின்னால் படுதாக் கட்டுகள் அடுக்கிய அறையில் தங்கியிருந்த தணிகாசலத்திடம் போய்ச் சாவியை நீட்டினார்.

"சார், வண்டி உங்களது. தெரியாம வாங்கிட்டேன். அதுல தண்ணி பிடிச்சுச் சோறு பொங்கித் தின்னுட்டோம். மன்னிக்கணும். எடுத்துட்டுப் போயிருங்க."

தணிகாசலம் சாவியைப் பார்த்தார். கதவுக்கு வெளியே காலியாகக் கிடந்த பாத்திரங்களைப் பார்த்தார்.

"எங்க கொண்டுபோவேன்?" என்றார். "அங்க எங்கூட உட்கார யாரு இருக்கா?"

குருவையா நீட்டிய சாவியை மடியில் சொருகிக்கொண்டார்.

"ஏன் இன்னிக்கு யாரும் தண்ணி பிடிக்க வரலை?"

"எப்படிங்க சார் குடிக்கிறது, அந்தத் தண்ணிய?"

"கரண்ட் பில் எடுக்க வர்ற பையனைக்கூட ஒரு சொம்பு தண்ணி குடிக்காம அனுப்ப மாட்டா கற்பகம்" என்றார் தணிகாசலம். "வெயில்ல வந்தியே, உட்காரு, குடின்னு ஆரம்பிச்சான்னா அவன் கதையெல்லாம் கேட்டுட்டுத்தான் விடுவா. கூப்பிடுங்க எல்லாரையும்."

கூப்பிட்டும் உடனே யாரும் வரவில்லை. அவரே போய்க் காரில் ஏறி உட்கார்ந்தார். தனியாக உட்கார்ந்திருந்தார், மழை பெய்யாமல், வெயில் ஏறும் வரை. கடைசியில் மாரிக்கனி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கதவைத் தொட்டுக் கும்பிட்டு, "தாயி, பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி" என்று சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து எங்கள் ஊர் அந்தக் காரில் செருப்புக் காலோடு ஏறியதில்லை. சீட்டுக் கட்டுக்காரர்கள்கூட அங்கே வாயை மூடிக்கொண்டார்கள்.

தணிகாசலம் ஊரோடு இருந்துவிட்டார். தினமும் காலையில் குளித்துச் சட்டையை மாற்றிக்கொண்டு, வேலைக்குப் போகிறவர் போலக் காருக்குப் போவார். அவரோடு உட்காரத் தெருத்தெருவாக ஆள் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டிலிருந்து போவார்கள். அது தவறியதே இல்லை. கூட உட்காருகிறவர்கள் அவரிடம் தங்கள் கஷ்டங்களைச் சொல்வார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மழை வரும் இடத்தை அண்ணாந்து பார்த்தபடி இருப்பார். சாரலில் கண்ணைத் திறந்தே வைத்திருப்பார். ஆனால் அந்த முதல் நாளுக்குப் பிறகு மனைவியைப் பற்றியோ மகளைப் பற்றியோ அவர் யாரிடமும் பேசவில்லை. அழுததையும் யாரும் பார்த்ததில்லை. மழைக்குள் அழுதிருந்தால் அது வேறு.

ஆவுடைத்தங்கம் அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவர் முதலில் அம்மா என்றார், பிறகு ஆவுடை என்றார். அவள் வீட்டில்தான் சாப்பாடு. குழம்பு எப்படி என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார். ரசத்துக்கும் அதையேதான் சொல்வார். "இந்த மனுசனுக்கு நாக்கு எங்கயோ போயிருச்சு" என்று அவள் குருவையாவிடம் வருத்தப்படுவாள்.

ஆடி போய், ஆவணி போய், ஐப்பசி பிறந்தது. ஒரு பிற்பகலில் கிழக்கே கறுத்தது. மூன்று வருஷமாக அப்படிக் கறுத்துக் கறுத்துக் கலைந்ததால் யாரும் நம்பவில்லை. முதல் சொட்டு கடைத்தெருப் புழுதியில் விழுந்து உருண்டபோதும் நம்பவில்லை. பிறகு கரிசல் காட்டிலிருந்து மண்வாடை எழுந்து வந்தது. அதன் பின்னாலேயே மழை வந்தது, மூன்று வருஷத்து மழையும் ஒன்றாக. குடம் இருந்தவர்கள் குடத்தோடும் இல்லாதவர்கள் வெறும் கையோடும் தெருவுக்கு ஓடிவந்தார்கள். கிழவர்கள் சட்டையைக் கழற்றி எறிந்தார்கள். பள்ளிக்கூடம் தானாக விட்டது. ரெங்கநாயகி நடுத்தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். குருவையா பந்தல் கம்புகள் நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் வாயைத் திறந்து வானத்தைப் பார்த்து நின்றார்.

தணிகாசலமும் அறையைவிட்டு வெளியே வந்தார். நனைகிற பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிறகு சிரிப்பு அப்படியே நிற்க, காரைத் திரும்பிப் பார்த்தார். வேகமாக நடந்து போய்க் கதவைத் திறந்தார். ஆவுடைத்தங்கம் அதைக் கண்டு, சேலையைப் பிழிந்துவிட்டு, பின்னாலேயே ஓடி அந்தப் பக்கம் ஏறினாள்.

கதவைச் சாத்தினார்கள். கூரையில் மழை கொட்டியது. கண்ணாடிகளில் வழிந்து இறங்கியது. உள்ளே ஒன்றும் விழவில்லை.

அவர் உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"கொஞ்சம் நேரமாகும் போல" என்றார்.

"ஆமாண்ணே."

அவர் நகர்ந்து, தோள் இடிக்கும்படி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை மடக்கவில்லை. வெளியே பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

"ஆவுடை, உன் பக்கம் விழுதா?"

"இல்லண்ணே."

"சரியாச் சாத்தலையோ கதவை."

அவள் திறந்து மறுபடி சாத்தினாள். அவரும் திறந்து சாத்தினார். சீட்டைத் தடவினார். வெளியிலிருந்து அவர்கள் உடம்பில் ஒட்டிவந்த ஈரத்தைத் தவிர எல்லாம் காய்ந்து கிடந்தது. கண்ணாடியெல்லாம் மூச்சு படிந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் போகும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்றார் தணிகாசலம். அந்தக் குரலைக் கேட்டதும் அவளால் உட்கார முடியவில்லை. அவர் நீட்டியிருந்த கையை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் இறங்கினாள். ஆடிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

"ஏங்க" என்று குருவையாவைக் கூப்பிட்டாள். "அண்ணன் வீட்டுல துட்டி விழுந்திருச்சு."

குருவையாவுக்கு முதலில் புரியவில்லை. "யாரு?"

"மதினியும் மகளும் போயிட்டாக."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்றவர்கள் கேட்டார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அவர்களைப் பார்த்து நிறுத்தினார்கள். அப்படியே தெருவின் கடைசி வரை ஆட்டம் நின்றது. ரெங்கநாயகி சேற்றிலிருந்து எழுந்தாள். கையில் ஏந்திய குடத்தை ஒருவர் மெதுவாகக் கீழே வைத்தார். குருவையா மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கடைக்குள் போய்க் கம்புகளை எடுத்துக் கொடுத்தார். ஐயாத்துரையும், பேசாத அந்த அண்ணன் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, கொட்டுகிற மழையில் காருக்கு மேல் பந்தல் போட்டார்கள். நாற்காலிகள் வந்தன. தணிகாசலத்தைக் கைத்தாங்கலாக இறக்கி முதல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எங்கிருந்தோ மாலைகள் வந்தன. இரண்டு மாலைகளையும் ஆவுடைத்தங்கம் வாங்கி, பின்சீட்டில் அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாகச் சாத்தினாள்.

மூன்று வருஷம் கழித்து மழை வந்த அன்று எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. ஆம்பிளைகள் தலை நனைய வரிசையில் வந்து, ஒவ்வொருவராகத் தணிகாசலத்தின் இரண்டு கைகளையும் பிடித்துவிட்டுப் பேசாமல் ஓரத்தில் போய் நின்றார்கள். வடக்குத் தெரு வந்தது, காலனி வந்தது, பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில் கேள்விப்பட்டு வந்தார்கள். அவர் நீட்டிய கையை மடக்க நேரமில்லாமல் உட்கார்ந்திருந்தார். யார் முகத்தையும் அவர் பார்த்த மாதிரி தெரியவில்லை.

பெண்கள் காரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, தலையைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் யாருக்கும் வாய் வரவில்லை. பார்த்திராத ஆட்களை எதைச் சொல்லி அழுவது? மாரிக்கனிதான் தலையை எடுத்து அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணாச்சி, மதினி எப்படி இருப்பாக? நல்ல நெறமா?"

தணிகாசலம் அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"மாநிறம்" என்றார். "உயரம். என்னைவிட உயரம். கல்யாணப் போட்டோவுல என்னைப் பலகை மேல நிக்க வெச்சாங்க."

"மக?"

"மக என்னை மாதிரி. குள்ளம். கோபம் வந்தா சாப்பிட மாட்டா. தயிர்ச் சாதத்துல சர்க்கரை போட்டுக் கொடுத்தா மட்டும் சாப்பிடுவா, இவ்வளவு பெரிய பொண்ணு, யாருக்கும் தெரியாம, நான்தான் பிசைஞ்சு..."

அங்கே அவர் குரல் உடைந்தது. நாற்காலியிலிருந்து சரிந்து, கார்க் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, ஓவென்று வாய்விட்டு அழுதார். ஆவுடைத்தங்கம் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு, மாநிறத்தையும் உயரத்தையும் சர்க்கரை போட்ட தயிர்ச் சாதத்தையும் சொல்லிக் குரலெடுத்தாள். மற்ற பெண்கள் அதை வாங்கிச் சொன்னார்கள். அவர் அழுகைக்கு நடுவே இன்னும் ஒன்று சொன்னார், அவர்கள் அதையும் எடுத்துக்கொண்டார்கள். அவர் சொல்லச் சொல்ல, கண்ணால் கண்டிராத அந்த இரண்டு பேருக்காகவும் ஊர் நெஞ்சிலடித்து அழுதது. பந்தலுக்கு வெளியே, காட்டிலும் கண்மாயிலும் கிணற்று வாய்களிலும், பார்க்க யாரும் இல்லாமல் மழை பெய்துகொண்டிருந்தது.